ஃபோர்டு பிக்கப்பின் முன் டயர் ஏன் ஒரு பக்கமாகத் தேய்ந்தது?

வரலாறு என்றாலே ராஜா, போர், ஒப்பந்தம் என்று நினைப்பவர்களுக்காக இன்று ஒரு டயரின் வரலாறு. சிரிக்காதீர்கள் :) அமெரிக்காவில் முப்பது வருடத்துக்கும் மேலாக மெக்கானிக்குகளைப் படுத்தி எடுத்த விஷயம் இது.

1950களில் பிக்கப் லாரிகளின் முன்பக்கம் மாட்டுவண்டி அச்சைப் போலத்தான் இருந்தது. இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே இரும்பு உத்தரம், அதன் மேல் பட்டை ஸ்பிரிங். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் சேர்ந்து ஆடும். சொகுசு கிடையாது, ஆனால் உடையாது. 1960ல் செவர்லே தன் பிக்கப்பில் சக்கரங்களைத் தனித்தனியாக அசையும்படி மாற்றியது. கார் போல ஓடுகிறது என்று வாங்குபவர்களுக்குப் பிடித்துப்போனது. ஃபோர்டு சும்மா இருக்க முடியுமா? 1965 மாடல் எஃப்-100ல் அவர்கள் தந்த பதில்தான் 'ட்வின் ஐ-பீம்'.

யோசனை எளிமையானது. ஒரு உத்தரத்துக்குப் பதில் இரண்டு. வலது சக்கரத்தைத் தாங்கும் உத்தரம் சட்டத்தின் இடது பக்கத்தில் கீல் போட்டு மாட்டப்பட்டது. இடது சக்கரத்துக்கு வலது பக்கத்தில். ஒவ்வொன்றும் படுக்க வைத்த கதவு மாதிரி மேலும் கீழும் ஆடும். பழைய உத்தரத்தின் முரட்டுத்தனமும் வேண்டும், தனித்தனி அசைவும் வேண்டும் என்றால் இது கெட்டிக்காரத்தனமான வழிதான் என்பது என் கருத்து.

ஆனால் கதவு திறக்கும்போது அதன் விளிம்பு வளைவாகத்தானே நகரும்? இங்கேயும் அதேதான். சக்கரம் மேலே ஏறினால் அதன் தலை உள்பக்கம் சாயும், கீழே இறங்கினால் வெளிப்பக்கம் சாயும். இந்தச் சாய்வைத்தான் கேம்பர் என்கிறார்கள். எஞ்சின் பாரத்தில் வருடக்கணக்கில் முன் ஸ்பிரிங் தளர்ந்துபோன வண்டியில் டயரின் உள் விளிம்பு மொட்டையாகும். உயரமான ஸ்பிரிங் போட்டு வண்டியைத் தூக்கி நிறுத்தியவர்களுக்கு வெளி விளிம்பு போகும். அதனால் இந்த வண்டியில் டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்தால், அலைன்மென்ட் கருவியைத் தொடுவதற்கு முன் டேப்பை எடுத்து வண்டி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளக்க வேண்டும். பலர் அதைச் செய்யவில்லை.

அவர்கள் செய்தது வேறு. முதல் வண்டிகளில் கேம்பரைத் திருத்த ஃபோர்டு வழியே வைக்கவில்லை. எனவே பட்டறைகளில் சங்கிலி மாட்டி, ஹைட்ராலிக் ஜாக்கி கொடுத்து, உத்தரத்தையே குளிர்ந்த நிலையில் வளைத்தார்கள்! கோளாறு தளர்ந்த ஸ்பிரிங்கில், தண்டனை உத்தரத்துக்கு. பிறகு யாராவது புது ஸ்பிரிங் போட்டால் கணக்கு தலைகீழாகி, இந்த முறை வெளி விளிம்பு தேய ஆரம்பிக்கும். செலவு வண்டிக்காரருக்கு.

கேம்பர் மட்டும் குற்றவாளி இல்லை. மேலிருந்து பார்க்கும்போது இரண்டு முன் சக்கரங்களும் ஒன்றை ஒன்று பார்த்தோ விலகியோ நிற்கும் கோணம் 'டோ'. உயரம் மாறினால் இதுவும் மாறிவிடும், ஏனென்றால் ஸ்டியரிங் கம்பியும் உத்தரமும் ஒரே வளைவில் ஆடுவதில்லை. ஒரு சக்கரம் வெறும் கால் டிகிரி திரும்பியிருந்தால் என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 4.4 மீட்டர் பக்கவாட்டில் இழுபட வேண்டிய நிலை. ரப்பர் என்ன செய்யும் பாவம்! இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம், உள்ளங்கை போதும். டயரின் குறுக்கே தடவினால் ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல் போலவும் இருந்தால் அது டோ. விளிம்பு மழமழவென்று தேய்ந்திருந்தால் கேம்பர். இரண்டு ஓரமும் சமமாகப் போயிருந்தால் பெரும்பாலும் காற்றுக் குறைவு. அலைன்மென்ட்டுக்குக் கொடுக்கும் காசு தண்டம்.

இன்னொரு வேடிக்கை. இந்த வண்டியை ஜாக்கியில் தூக்கி இறக்கியவுடன் அளந்தால் அளவு பொய் சொல்லும். தொங்கிய சக்கரங்கள் உள்ளே ஒடுங்கியபடியே தரையில் உட்காரும். ரப்பரின் பிடி அவற்றை வெளியே நகர விடாது. கொஞ்ச தூரம் முன்னும் பின்னும் உருட்டிய பிறகுதான் உண்மையான நிலைக்கு வரும். தூக்கி, இறக்கி, உடனே அளந்து, நன்றாக இருந்த உத்தரத்தை வளைத்தால் கதை என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

1980ல் நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்கும் இதே யோசனையை ஃபோர்டு கொண்டுபோனது. கடைசியில் 1997 மாடல் எஃப்-150ல் உத்தரங்களைக் கைவிட்டு, செவர்லே எப்போதோ எடுத்த வழிக்கே வந்தது: மேலே ஒரு கை, கீழே ஒரு கை.