அடை வைத்தவர் யார்? கார்டன் ரீச்சின் பறவைக் கூடங்களும் குஞ்சு பொரிப்பின் எழுதப்படாத வரலாறும்

கல்கத்தாவின் தென்மேற்கே, ஹூக்ளி ஆற்றின் கிழக்குக் கரையில் அமைந்த கார்டன் ரீச், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியரின் தோட்ட மாளிகைகளால் பெயர்பெற்ற பகுதி. 1856இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவத் அரசைத் தன்னோடு இணைத்துக்கொண்டபின், அதன் கடைசி மன்னர் வாஜித் அலி ஷா இப்பகுதியின் மட்டியா புர்ஜில் குடியேறினார். 1857 கிளர்ச்சியையொட்டி வில்லியம் கோட்டையில் காவலில் வைக்கப்பட்டு, 1859இல் விடுவிக்கப்பட்ட அவர், 1887இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். இழந்த லக்னோவின் மறுபதிப்பாக அவர் எழுப்பிய மாளிகைகளுக்கும் இமாம்பாடாவுக்கும் நடுவே, இந்தியாவின் மிகப் பெரிய தனியார் விலங்கு, பறவைத் தொகுப்புகளுள் ஒன்று உருவாயிற்று.

அத்தொகுப்பைக் குறித்த விரிவான சான்று, சிறுவயதில் மட்டியா புர்ஜில் வாழ்ந்த உருது எழுத்தாளர் அப்துல் ஹலீம் ஷரர் எழுதியது. பட்டுச் சிறகுப் புறா இணை ஒன்றுக்கு 24,000 ரூபாயும், வெள்ளை மயில் இணை ஒன்றுக்கு 11,000 ரூபாயும் மன்னர் கொடுத்தார் என்கிறார் ஷரர். விலங்குகளைப் பேண 800க்கும் மேற்பட்டோர், புறாக்களுக்கு மட்டும் ஏறத்தாழ 300 பேர், மீன்களுக்கு 80 பேர், பாம்புகளுக்கு 30 அல்லது 40 பேர். மாதச் சம்பளம் 6 முதல் 10 ரூபாய் வரை. கார்டன் ரீச்சின் பறவைகளைப் பற்றிப் பின்னர் எழுதியோர் பலரும் இவ்வெண்களையே எடுத்தாள்கின்றனர்.

இவ்வெண்கள் எவற்றை அளக்கின்றன என்பது கருதத்தக்கது. பறவையின் விலையை அளக்கின்றன. பேணுவோரின் சம்பளத்தை அளக்கின்றன. முட்டை குஞ்சாவதற்கும், குஞ்சு பறவையாவதற்கும் இடைப்பட்ட நாள்களை அவை அளப்பதில்லை. ஆனால் எந்தப் பறவைத் தொகுப்பும் வாங்குவதால் மட்டும் நிலைப்பதன்று. புறா 17, 18 நாள் அடைகாக்கிறது. கோழி 21 நாள். வான்கோழி 28 நாள். ஒவ்வொன்றின் குஞ்சும் வெவ்வேறு வகையான கவனிப்பைக் கோருகிறது. புறாக் குஞ்சு கண் திறவாமல் பிறந்து, பெற்றோர் இரண்டின் தீனிப்பையிலும் சுரக்கும் பால் போன்ற பொருளை உண்டு வளர்வது. தாய் தந்தையரைப் பிரித்தால் முதல் வாரத்தில் அதைக் காப்பாற்றுவது அரிது. கோழிக்குஞ்சு பொரித்த அன்றே எழுந்து நடந்து கொத்தித் தின்னும். அதற்கு வேண்டியது இளஞ்சூடும் வழிகாட்டலும். 300 புறாக்காரர்கள் என்ற தொகைக்குப் பின்னால் இத்தகைய நுண்ணறிவு இருந்தாக வேண்டும். ஊதியப் பட்டியலில் அது ‘6 ரூபாய்’ என்று சுருங்கிவிடுகிறது.

இந்த மௌனம் கார்டன் ரீச்சுக்கு மட்டும் உரியதன்று. 1612இல் முகர்ரப் கான் கோவாவிலிருந்து முகலாய அரசவைக்குக் கொண்டுவந்த அரிய உயிரினங்களுள் வான்கோழியும் ஒன்று. அதன் பெயர் எவருக்கும் தெரியவில்லை என்று குறித்த ஜஹாங்கீர், அதன் தோற்றத்தை வியந்து விவரித்து, ஓவியமாகவும் தீட்டச் செய்தார். அதே நினைவுக் குறிப்பில் மற்றொரு செய்தியும் உண்டு. கூண்டில் அடைபட்ட காட்டுக்கோழி வகைப் பறவையான ஃபெசண்ட் முட்டையிட்டுப் பெருகாது என்பது அக்காலத்து நம்பிக்கை. ஜஹாங்கீர் ஆணையும் பெண்ணையும் ஒன்றாக விடச் செய்து, கிடைத்த முட்டைகளை வீட்டுக்கோழிகளின் அடியில் வைக்குமாறு ஆணையிட்டார். இரண்டு ஆண்டுகளில் 60, 70 குஞ்சுகள் பொரித்தன. அவற்றுள் 50, 60 வளர்ந்து பெரிதாயின. இன்றைய அளவுகோலிலும் இது வியக்கத்தக்க பிழைப்பு விகிதம். ஆயினும் அந்தச் சாதனையில் எழுவாயாக நிற்பவர் பேரரசர். எந்தக் கோழி அடைக்கு இசையும், எத்தனை முட்டையை அதன் சிறகு கொள்ளும், பொரித்த குஞ்சுக்கு முதலில் எதைத் தருவது என்று அறிந்திருந்தோர் அவ்வாக்கியத்தில் இடம்பெறவில்லை.

தமிழின் சொல்லாட்சி இவ்விடத்தில் ஒப்புநோக்கத் தக்கது. கோழி ‘அடை கிடக்கிறது’, ‘குஞ்சு பொரிக்கிறது’. கோழியை ‘அடை வைப்பது’ மனிதர், நடைமுறையில் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். முட்டை ‘பொரிகிறது’. ஒரே நிகழ்வில் கோழி, மனிதர், முட்டை ஆகிய மூன்றற்கும் தனித்தனி வினைகளை மொழி ஒதுக்கித் தந்துள்ளது. அடைக்கோழி, கூமுட்டை, பஞ்சாரம், சில வட்டாரங்களில் வழங்கும் அவயம் முதலிய சொற்கள் ஒரு தொழிலின் கலைச்சொற்களே. முட்டைகளோடு கரித்துண்டும் இரும்புத் துண்டும் மிளகாய் வற்றலும் வைத்தால் இடியோசையால் கரு கெடாது என்ற நம்பிக்கையும் இதே அறிவுத் தொகுதியைச் சார்ந்தது. அந்நம்பிக்கைக்கு அறிவியல் அடிப்படை உண்டா என்பது வேறு கேள்வி. முட்டை வெளிச்சூழலால் கெடக்கூடியது, அதற்குக் காப்பு வேண்டும் என்ற எச்சரிக்கையை அது தலைமுறை தோறும் கடத்தியது.

வான்கோழிக்கு அமைந்த பெயர்களோ வேறு கதை சொல்கின்றன. டச்சு மொழியின் ‘கல்கூன்’ கோழிக்கோட்டின் பெயரிலிருந்து பிறந்தது. அச்சொல்லே மலையாளத்தில் ‘கல்க்கம்’ என்றும் சிங்களத்தில் ‘களுகும்’ என்றும் ஆயிற்று. இந்தியின் ‘பீரூ’ போர்த்துகீசிய ‘பெரு’விலிருந்து வந்தது. துருக்கியில் அப்பறவை ‘ஹிந்தி’. பிரெஞ்சில் ‘இந்தியாவினது’ எனப் பொருள்படும் ‘தேந்த்’. அமெரிக்கக் கண்டத்துப் பறவைக்கு ஒவ்வொரு மொழியும் தான் கருதிய துறைமுகத்தின் அல்லது நாட்டின் பெயரைச் சூட்டியது. தமிழின் ‘வான்கோழி’ இவ்வரிசையில் சேராதது. மூதுரையில் மயிலின் ஆட்டத்தைப் பார்த்துத் தானும் ஆட முயலும் பறவையாக அது வருகிறது. மூதுரை 12ஆம் நூற்றாண்டினதாயின் அச்சொல் முதலில் வேறொரு பறவையைக் குறித்திருக்க வேண்டும். அமெரிக்கப் பறவையையே குறித்ததாயின் அந்நூலின் காலம் மறுபரிசீலனைக்குரியது. எவ்வாறாயினும், துறைமுகத்தாலோ தோகையாலோ அறியப்பட்ட இப்பறவை, வளர்ப்பு முறையால் அறியப்படவில்லை.

இக்குறை அறிவியல் வரலாற்றிலும் தடம் பதித்தது. 1841 முதல் 1862 வரை கல்கத்தா ஆசியக் கழக அருங்காட்சியகத்தின் காப்பாளராக இருந்தவர் எட்வர்ட் பிளைத். மட்டியா புர்ஜில் வாஜித் அலி ஷா குடியேறிய ஆண்டுகளில், அதே நகரில் இருந்தபடி இந்திய வீட்டுப் பறவைகளைக் குறித்துச் சார்லஸ் டார்வினுக்கு நீண்ட மடல்கள் எழுதினார். வீட்டுக்கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழியே என்ற டார்வினின் முடிவுக்குப் பிளைத்தின் செய்திகள் துணைநின்றன. 2020இல் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வு அம்முடிவை உறுதிசெய்து, தென்மேற்குச் சீனம், வட தாய்லாந்து, மியன்மர் பகுதியின் கிளையினம் ஒன்றைச் சுட்டியது. மஞ்சள் தோலுக்குரிய மரபணு மட்டும் தென்னிந்தியக் காடுகளிலும் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்பதை 2008இன் ஆய்வு காட்டியிருந்தது.

வான்கோழியைப் பற்றிப் பிளைத் தந்த செய்தி, டார்வின் 1868இல் வெளியிட்ட வீட்டுவளர்ப்பு உயிர்களின் மாறுபாடு குறித்த நூலில் இடம்பெற்றது. இந்தியாவில் இப்பறவை உருவில் சிறுத்து, பறக்கும் ஆற்றலை இழந்து, கரிய நிறம் கொண்டு, அலகின்மேல் தொங்கும் சதை மிகப் பெருத்துச் சீர்குலைந்துவிட்டது என்பது அச்செய்தி. இம்மாற்றங்களைச் செய்தது காலநிலை என்றார் டார்வின். வெப்ப நாடு உயிரினங்களை நலிவிக்கும் என்ற கருத்து அக்காலத்தில் ஐரோப்பிய மனிதரைக் குறித்தும் வழங்கியது என்பதை இங்கு நினைவுகூர வேண்டும்.

ஆனால் வான்கோழிக் குஞ்சை வளர்த்தறிந்தோர்க்கு இம்முடிவு போதாது. குஞ்சுப் பருவத்தில் இப்பறவைக்கு நேரும் பெருங்கேடு பட்டினியே. பார்வையும் கொத்தும் பழக்கமும் மந்தமாகையால், தீவனம் முன்னிருந்தும் உண்ணாமல் முதல் சில நாள்களில் மடியும் குஞ்சுகள் பல. தமிழ்நாட்டு வேளாண், கால்நடைப் பல்கலைக்கழகங்களின் வழிகாட்டுதல்கள் இதற்கெனத் தனி முறைகளைக் கூறுகின்றன: ஒரு லிட்டர் நீரில் 100 மில்லி பால் கலந்து தருதல், 10 குஞ்சுக்கு ஒரு வேகவைத்த முட்டை என்ற அளவில் 15 நாள் ஊட்டுதல், தீவனத் தட்டை மெல்லத் தட்டி ஓசையெழுப்பிக் குஞ்சுகளை ஈர்த்தல், தட்டில் வண்ணக் கூழாங்கற்களையும் நறுக்கிய பசுந்தழையையும் இடுதல். முதல் வாரம் ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ் வெப்பம் தந்து, வாரந்தோறும் 3 பாகை குறைக்க வேண்டும். கோழிக்குஞ்சு ஒன்றை உடன் விட்டுக் கொத்தக் கற்பிப்பதும் பழைய முறை.

முட்டைக்கும் காலநிலை ஒரு சோதனையே. 27 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில், அடை வைக்கும் முன்னரே கரு அரைகுறையாக வளரத் தொடங்கி மடியும். வங்காளத்துக் கோடையில் முட்டையைச் சேர்த்துவைப்பது இதனால் கடினம். மழைக்காலத்தின் ஈரக்காற்றில் முட்டையின் நீர் உரிய அளவு ஆவியாகாமல், குஞ்சு ஓட்டுக்குள்ளேயே மூச்சுத் திணறும். எனினும் இவை பருவம் தேர்ந்து அடை வைப்போர் எதிர்கொள்ளக்கூடிய இடர்கள். உருச் சிறுத்தலைக் குஞ்சுப் பருவப் பட்டினியும், கப்பலில் வந்த சில பறவைகளுக்குள்ளேயே நிகழ்ந்த இனப்பெருக்கமும் விளக்கக்கூடும். பறவாமையைக் கூண்டு வாழ்வு விளக்கக்கூடும். காலநிலை எவ்வளவு, வளர்ப்பு எவ்வளவு என்று பிரித்தறிய, வளர்த்தோரிடம் கேட்டிருக்க வேண்டும். அக்கேள்வி அன்றைய அறிவியலின் வினாநிரலில் இல்லை.

வளர்ப்போரின் அறிவைக் குறையற்றதென்று போற்றுவதும் வரலாறாகாது. வான்கோழி முட்டையை வீட்டுக்கோழியிடம் அடை வைத்து, குஞ்சை அதனுடனேயே மேயவிடுவது உலகெங்கும் எளிய வழியாக இருந்தது. கோழியின் குடற்பெருவாயில் வாழும் புழு ஒன்றின் முட்டைகள் வழியே கருந்தலை நோயின் நுண்ணுயிரி வான்கோழிக்குப் பரவுகிறது. கோழி பெரும்பாலும் அதனால் வாடுவதில்லை, வான்கோழியோ மடிகிறது. அமெரிக்க நோயியலர் தியோபால்ட் ஸ்மித் 1895இல் அந்நுண்ணுயிரியை விவரித்தார். சூடு தந்த செவிலித்தாயே நோயையும் தரக்கூடும் என்பதை முற்றத்து அனுபவத்தால் மட்டும் கண்டறிய இயலவில்லை. அதற்கு நுண்ணோக்கி தேவைப்பட்டது. முற்றமும் ஆய்வகமும் ஒன்றையொன்று கேட்டறிந்திருந்தால் இருதரப்பும் பயனடைந்திருக்கும் என்பதே இதனால் பெறப்படுவது.

அத்தகைய சந்திப்பின் தொடக்கம் கார்டன் ரீச்சுக்கு அண்மையிலேயே நிகழ்ந்தது. 1876இல் அலிப்பூர் விலங்கியல் தோட்டம் திறக்கப்பட்டது. அதன் முதல் இந்தியக் கண்காணிப்பாளர் ராம் பிரம்ம சன்யால், கீழ் வங்காளத்தில் அடைபட்ட விலங்குகளைப் பேணும் முறை குறித்து 1892இல் ஒரு கையேடு வெளியிட்டார். பாலூட்டிகளையும் பறவைகளையும் இனவாரியாக எடுத்துக்கொண்டு, உணவு, உறைவிடம், நோய், இனப்பெருக்கம் ஆகியவற்றை அன்றாடக் கவனிப்பிலிருந்து அந்நூல் தொகுத்தது. விலையையும் வியப்பையும் எழுதிய மரபுக்கு நடுவே, பராமரிப்பை அறிவாகப் பதிந்த முன்னோடி நூல் அது. அதற்கு ஐந்தாண்டு முன்னர் வாஜித் அலி ஷா மறைந்தார். அவருடைய தொகுப்பு சிதறியது. 300 புறாக்காரர்களின் கையறிவுக்கு இத்தகைய ஒரு கையேடு வாய்க்கவில்லை.

இன்று 37.5 பாகையில் இயங்கும் அடைகாப்பான் முட்டையைத் தானே திருப்புகிறது. வணிக இனமான வெள்ளை லெகார்னில் அடை கிடக்கும் இயல்பே பெரும்பாலும் நீக்கப்பட்டுவிட்டது. நாட்டுக்கோழியும், சண்டைக்குப் பெயர்போன அசீல் கோழியும் அவ்வியல்பை இன்னும் காத்துவருகின்றன. இயல்பு கோழியின் மரபணுவில் உள்ளது. அதைப் பயன்கொள்ளும் அறிவு அடை வைப்போரின் பேச்சில் உள்ளது. முன்னதைக் காக்க இனப்பாதுகாப்புத் திட்டங்கள் உண்டு. பின்னதற்கு இருப்பவை வட்டாரச் சொற்களே. விலங்குகளின் வரலாற்றை எழுத முற்படும் ஆய்வு மாணவர், அரசவைக் குறிப்புகளையும் இயற்கையறிஞரின் மடல்களையும் படிக்கும் அதே கவனத்தோடு, முற்றத்தில் வழங்கும் வினைச்சொற்களையும் சேகரிக்க வேண்டும். ஆணையிட்டவரின் பெயர் ஆவணத்தில் கிடைக்கும். அடை வைத்தவர் அறிந்தவற்றை அச்சொற்களிலேயே தேட முடியும்.