பதினெட்டாயிரத்தில் மூன்று

ஒரு தொலைபேசி எண்ணிலிருந்து பெரியதொரு வழக்கு கிளம்பிய கதை உங்களுக்குத் தெரியுமா? 1992இல் அமெரிக்காவில் பி.எஸ்.டி.ஐ. என்ற சிறு நிறுவனம், கணிப்பொறி இயக்க அமைப்பு ஒன்றை 995 டாலருக்கு விற்க முன்வந்தது. விளம்பரத்தில் தந்திருந்த எண்ணை, பொத்தான்களின் மேலுள்ள எழுத்துகளாக வாசித்தால் ‘இட்ஸ் யூனிக்ஸ்’, அதாவது ‘இது யூனிக்ஸ்’ என்று வரும்! யூனிக்ஸின் உரிமையாளரான ஏ.டி. அண்டு டி.யின் கிளை நிறுவனம் சும்மா இருக்குமா? எண்ணைக் கைவிட்ட பிறகும் வழக்குத் தொடுத்தது. பின்னர்ப் பல்கலைக்கழகத்தையும் அதில் சேர்த்தது.

பல்கலைக்கழகம் எங்கே வந்தது என்கிறீர்களா? யூனிக்ஸ் 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் கையில் பிறந்தது. 1956இல் அரசுடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, தொலைத்தொடர்பு தவிர வேறு தொழிலில் இறங்க அந்நிறுவனத்துக்கு அனுமதியில்லை. ஆகவே பல்கலைக்கழகங்களுக்கு யூனிக்ஸின் மூல நிரலையே குறைந்த கட்டணத்தில் கொடுத்தது. மூல நிரல் என்பது நிரலாளர் எழுதிய வடிவம். அதைப் படித்தால்தான் இயங்கும் முறை விளங்கும், திருத்தவும் முடியும்.

பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் ஆண்டுக்கணக்கில் அதைத் திருத்தியும் சேர்த்தும் எழுதினர். 1991இல், பழைய நிரல் கலந்திருந்த ஆறு கோப்புகளை ஒதுக்கிவிட்டு, எஞ்சியதை யாவரும் எடுத்தாளலாம் என வெளியிட்டனர். எழுதியவர் பெயரை மறைக்கக்கூடாது என்பதே முக்கிய நிபந்தனை. அந்த ஆறையும் புதிதாக எழுதி நிரப்பித்தான் பி.எஸ்.டி.ஐ. விற்றது.

நீதிமன்றத்தில் வேடிக்கையான செய்தி ஒன்று வெளிவந்தது. பழைய யூனிக்ஸ் பதிப்பைப் பதிப்புரிமைக் குறிப்பே இல்லாமல் வழங்கியிருந்தார்கள்! அந்நாளைய அமெரிக்கச் சட்டத்தில் இது பெருங்குறை. உரிமை நிலைப்பது ஐயமே எனக் கருதிய நீதிபதி, 1993இல் விற்பனைக்குத் தடைவிதிக்க மறுத்தார். பல்கலைக்கழகமும் எதிர்வழக்குப் போட்டது. பெர்க்கிலி நிரலைத் தம் யூனிக்ஸில் சேர்த்துக்கொண்டவர்கள், எழுதியவர்களுக்கு உரிய நன்றிக்குறிப்பைத் தரவில்லை என்பது புகார். எனக்கு இதுவே வழக்கின் உயிர்நாடியாகத் தோன்றுகிறது.

இதற்குள் யூனிக்ஸ் உரிமை நோவெல் நிறுவனத்துக்குக் கைமாறியது. 1994 தொடக்கத்தில் சமரசம் ஏற்பட்டது. ஏறத்தாழ 18,000 கோப்புகளில் நீக்க வேண்டியிருந்தவை மூன்றே! சுமார் 70 கோப்புகளில் உரிமைக்குறிப்புச் சேர்க்கப்பட்டது.

ஆனால் அந்த இரண்டு ஆண்டுகள் திரும்பி வரவில்லை. பெர்க்கிலி நிரலைத் தொடப் பலர் அஞ்சிய அக்காலத்தில், பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ் வேகமாக வளர்ந்துவிட்டது. இன்று ஆண்ட்ராய்டு தொலைபேசிகளின் அடித்தளம் அதுதான். பெர்க்கிலி நிரலின் பகுதிகளோ ஆப்பிள் கணிப்பொறிகளுக்குள் இன்றும் இயங்குகின்றன.