தண்ணி மேல போட்ட பந்தயம்

2004 ஜனவரி. கரீபியன் கடலில் 'வாயேஜர் ஆஃப் த சீஸ்' என்ற சொகுசுக் கப்பல். உள்ளே ஐஸ் சறுக்கு மைதானமே இருக்கிற அளவுக்குப் பெரிசு. அதுல 221 பேர் ஆளுக்கு 7,500 டாலர் கட்டி போக்கர் போட்டி ஆடினாங்க. கடைசியில் ஜெயித்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த கஸ் ஹான்சன். பரிசு 4,55,780 டாலர். நடத்தியது போக்கர்ஸ்டார்ஸ் என்ற இணையதளம். 'வேர்ல்ட் போக்கர் டூர்' தொடரில் அதை டிவியிலும் காட்டினாங்க.

எனக்கு இதுல ஜெயிச்சது யார்ங்கறதைவிட வேற ஒரு கேள்விதான் முதல்ல வந்தது. லாஸ் வேகாஸில் தெருவுக்குத் தெரு கசினோ இருக்கும்போது, இவங்க ஏன் மெனக்கெட்டு கப்பல் ஏறினாங்க? கொஞ்சம் தோண்டினா, பதில் இருநூறு வருஷம் பின்னால போகுது.

போக்கர் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ரம்மியில் சீட்டு சேரணும். போக்கரில் அந்தக் கட்டாயம் இல்லை. கையில் ஒண்ணுமே இல்லாமல், பெரிய சீட்டு இருக்கிற மாதிரி பந்தயத்தை ஏத்தி, எதிராளியை பயமுறுத்தி ஓட வெச்சும் ஜெயிக்கலாம். ஆகவே எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதுதான் ஆட்டமே.

இந்த ஆட்டம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸ் பக்கம் உருவாகி, மிசிசிப்பி ஆற்றின் நீராவிப் படகுகளில் ஏறித்தான் அமெரிக்கா முழுக்கப் பரவியது. ஜோ கோவல் என்ற ஆங்கில நாடக நடிகர், 1829 டிசம்பரில் லூயிவில்லில் இருந்து நியூ ஆர்லியன்ஸுக்குப் படகில் போனதை 1844-ல் வெளியான தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். போக்கரைப் பற்றி நமக்குக் கிடைக்கிற மிகப் பழைய நேரடி வர்ணனைகளில் அது ஒண்ணு. பனிமூட்டமான ராத்திரி, படகு எதிலோ மோதித் தரைதட்டுது. எல்லோரும் அலறியடிச்சுக்கிட்டு வெளியே ஓட, பச்சைக் கண்ணாடி போட்ட ஒருத்தர் மட்டும் மேசையை விட்டு நகரவில்லை. திரும்பி வந்து ஆடினால், பல பேர் கையில் பிரமாதமான சீட்டுகள், பந்தயம் எகிறுது. ஆனா தனக்குன்னு அடுக்கி வெச்ச சீட்டைப் பதட்டத்தில் வேறொருத்தருக்குப் போட்டுட்டார் பச்சைக் கண்ணாடிக்காரர் :-)

ஆக, பிறந்த வீட்டிலேயே அழுகுணி ஆட்டம். ஜார்ஜ் டெவால் என்பவர் மிசிசிப்பியில் 40 வருஷம் சூதாடியதை 1887-ல் சுயசரிதையாகவே போட்டார். ஏமாத்தினதை மறைக்கவெல்லாம் இல்லை, பெருமையாவே சொல்லிக்கறார்.

ஏன் படகு? பருத்தி வித்த காசோடு போகும் தோட்ட முதலாளிகள், பல நாள் பயணம், பொழுதுபோக வேற வழி கிடையாது. இது ஒரு காரணம். இன்னொண்ணு, கரையில் அவங்களுக்கு இருந்த ஆபத்து. 1835 ஜூலையில் விக்ஸ்பர்க் நகரில் ஊர்க்காரர்கள் ஐந்து சூதாடிகளை விசாரணை எதுவும் இல்லாமல் தூக்கில் போட்டார்கள். படகில் அந்த பயம் குறைவு. ஏமாந்தவன் சுதாரிச்சு ஊரைக் கூட்டறதுக்குள்ள, ஏமாத்தினவன் அடுத்த துறையில் இறங்கிப் போயிருப்பான்.

ஆற்றிலிருந்து கடலுக்கு வருவோம். 1938-ல் டோனி கார்னெரோ என்பவர் 'ரெக்ஸ்' என்ற கப்பலை கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவுக்கு எதிரே நங்கூரமிட்டு நிறுத்தினார். அப்போது கரையிலிருந்து 3 மைல் வரைதான் மாநிலச் சட்டம் செல்லும். அதைத் தாண்டி சூதாட்டக் கப்பல். ஜனங்களைச் சின்னப் படகுகளில் ஏற்றிக் கொண்டுபோனார். 1939 ஆகஸ்டில் மாநில அட்டர்னி ஜெனரல் ஏர்ல் வாரன் (பிற்பாடு அமெரிக்கத் தலைமை நீதிபதி ஆனவர்) அதிகாரிகளை அனுப்ப, கார்னெரோ ஆட்கள் தீயணைப்புக் குழாயால் தண்ணியைப் பீய்ச்சி அடிச்சு விரட்டினாங்க! பல நாள் முற்றுகைக்கு அப்புறம்தான் இறங்கி வந்தாங்க.

வழக்கு சுவாரஸ்யமானது. கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: அந்த 3 மைலை எங்கிருந்து அளக்கறது? கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், அந்த இடம் ஒரு விரிகுடா, அதனால ரெண்டு முனைகளையும் இணைக்கிற கோட்டிலிருந்துதான் அளக்கணும்னு சொல்லிடுச்சு. ரெக்ஸ் அந்தக் கோட்டுக்கு உள்ளே மாட்டிக்கிச்சு. 1946-ல் கார்னெரோ இன்னொரு கப்பலோடு வந்தார். 1948-ல் சூதாட்டக் கப்பல்களுக்கு எதிராக அமெரிக்க நாடாளுமன்றமே சட்டம் போட்டது.

இப்போ இணையம். 2001-ல் தொடங்கிய பார்ட்டிபோக்கர் தளத்தின் மென்பொருளை உருவாக்கியவர் ஐஐடி டெல்லியில் படித்த அனுராக் தீட்சித். சர்வர் ஒரு நாட்டில், கம்பெனி இன்னொரு நாட்டில், ஆடறவங்களில் பெரும்பாலானவங்க அமெரிக்காவில். கார்னெரோவின் 3 மைல் கோடு இப்போ கம்பிக்குள்ள வந்துடுச்சு. இவங்க நடத்தின பெரிய போட்டியின் இறுதிச் சுற்று எங்கேன்னு நினைக்கிறீங்க? கப்பல்லதான். 2002-ல் நடந்த முதல் 'பார்ட்டிபோக்கர் மில்லியன்' போட்டியில் கேத்தி லீபர்ட் என்ற பெண்மணி ஜெயித்து 10 லட்சம் டாலர் வாங்கினார்.

இங்க ஒரு வியாபார சூட்சுமமும் இருக்கு. வீட்டில் உட்கார்ந்து சில டாலர் கட்டி ஒரு சின்னப் போட்டி ஆடணும். அதில் ஜெயித்தால் பெரிய போட்டிக்கான நுழைவுக் கட்டணம், கப்பல் அறை, சாப்பாடு எல்லாம் ஒரே பரிசு. 2003-ல் கிறிஸ் மனிமேக்கர் என்ற கணக்காளர் இப்படி 86 டாலர் சின்னப் போட்டி வழியாக உலகப் போட்டிக்குள் நுழைந்து 25 லட்சம் டாலர் ஜெயித்ததும், கூட்டம் அலைமோதியது. (உலகப் போட்டி நடந்தது வேகாஸில், கப்பலில் இல்லை.)

அப்புறம் 2006 அக்டோபர். இணையச் சூதாட்டத்துக்குப் பணப் பரிமாற்றம் செய்வதைத் தடுக்கும் சட்டத்தில் ஜார்ஜ் புஷ் கையெழுத்து போட்டார். அது எந்த மசோதாவோடு சேர்த்து வந்தது தெரியுமா? துறைமுகப் பாதுகாப்பு மசோதா! பார்ட்டிபோக்கர் அமெரிக்காவை விட்டு வெளியேறியது. 2008-ல் தீட்சித் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 30 கோடி டாலர் கட்ட சம்மதித்தார்.

ஆனா என்னை உறுத்துவது அதுக்கப்புறம் நடந்தது. சட்டத்துக்குப் பிறகும் சில தளங்கள் அமெரிக்கர்களை ஆட விட்டன. 2011 ஏப்ரல் 15-ல் அமெரிக்க அரசு அவற்றை முடக்கியது. அப்போதான் தெரிஞ்சது, ஃபுல் டில்ட் என்ற தளத்தில் ஆட்டக்காரர்கள் போட்டு வெச்ச பணத்தைத் திருப்பிக் கொடுக்க அங்க காசே இல்லைன்னு. 2012-ல் போக்கர்ஸ்டார்ஸ் அரசோடு சமரசம் செய்து அந்தக் கம்பெனியை வாங்கிய பிறகுதான் வழி பிறந்தது. அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குப் பணம் வர ஆரம்பிச்சப்போ 2014 ஆகிடுச்சு.

கோவல் பார்த்த படகில் ஏமாத்தினவன் எதிரே உட்கார்ந்திருந்தான். பச்சைக் கண்ணாடியைப் பார்க்கலாம், சந்தேகப்படலாம், எழுந்து போயிடலாம். ஃபுல் டில்டில் ஆடினவங்க அப்படி யாரையும் பார்க்க முடியலை. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் படிக்கத் தெரிஞ்ச கில்லாடிகள்தான். ஆனா காசை வாங்கி வெச்சிருந்தவங்களோட முகம் மேசையிலேயே இல்லை.

சட்டம் இருநூறு வருஷமா கேட்டது, ஆட்டம் எந்த இடத்தில் நடக்குதுன்னுதான். கரையா, ஆறா, 3 மைலுக்கு அந்தப் பக்கமா. பந்தயக் காசு யார் பெட்டியில் இருக்கு, கேட்டால் திரும்பி வருமாங்கற கேள்வியை ரொம்ப லேட்டாத்தான் கேட்டாங்க. என்னைக் கேட்டால், அதைத்தான் முதல்ல கேட்டிருக்கணும். நீங்க என்ன சொல்றீங்க மக்களே?