தூங்கிய யானை விழித்த கதை

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டதும் விடுதி நாட்களைப் பற்றி எழுதத்தான் நினைத்தேன். அதை என்னைவிட நன்றாக எழுத இருபது பேராவது இருக்கிறார்கள். ஆகவே நான் பிழைக்கும் துறையிலிருந்து ஒரு சின்ன வரலாற்றைச் சொல்கிறேன். சிவில், மெக்கானிக்கல் நண்பர்கள் பயந்து பக்கத்தைத் திருப்ப வேண்டாம். நம் ஊர் லாரி தெரிந்தால் போதும், இது புரியும்.

எனக்குச் சொந்த ஊர் பெண்ணாடம். அங்குள்ள பிரளயகாலேஸ்வரர் கோயிலின் கருவறை விமானம், படுத்துத் தூங்கும் யானையின் பின்புறம் போல வளைந்திருக்கும். அதனால் அந்தத் தலத்துக்குத் தூங்கானை மாடம் என்று பெயர். அந்தப் பெயர் ஏன் இங்கே வருகிறது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

2022-ல் எங்கள் மோட்டார் கொட்டகையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டிக் கணினி வைத்திருந்தேன். கிணற்று நீர்மட்டத்தை மெமரி கார்டில் எழுதிக்கொண்டே இருப்பது அதன் வேலை. புதுசாக வந்த லினக்ஸ் கெர்னலை நானே கம்பைல் செய்து அதில் போட்டேன். சில நாளில் கார்டில் எழுதும் வேலை ஆமையாகிவிட்டது. நேரே சிதம்பரம் போய், கார்டு விற்ற கடைக்காரரிடம் "டூப்ளிகேட் கார்டைத் தலையில கட்டிட்டீங்களே அண்ணே" என்று சத்தம் போட்டேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் வேறு கார்டு கொடுத்தார். அதுவும் ஆமைதான்.

அதே ஆண்டு ஜூலையில், ராஸ்பெரி பை என்னும் சிறு கணினிக்காகக் கெர்னல் வேலை பார்க்கும் ஸ்டீபன் வாரென் என்பவர் இதே மாதிரி ஒரு புகாரைப் பதிவு செய்தார். சிறு சிறு கோப்புகள் நிறைந்த தொகுப்பைக் கார்டில் பிரித்து வைக்க முன்பைவிடப் பல மடங்கு நேரம் ஆகிறது என்பது புகார். சில வகைக் கார்டுகளில் சுமார் 5 மடங்கு என்று பிறகு பதிவாகியிருக்கிறது. ஆனால் அவர் கடைக்காரரிடம் போகவில்லை. பழைய கெர்னலில் எவ்வளவு நேரம், புதியதில் எவ்வளவு நேரம் என்று இரண்டையும் அளந்தார். பிறகு பைசெக்ட் செய்தார்.

பைசெக்ட் என்றால் பாதியாக வெட்டுவது. ஒரு கெர்னல் பதிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருக்கும். நடுவில் ஒன்றை எடுத்துச் சோதித்தால் தப்பு முன்பாதியிலா பின்பாதியிலா என்று தெரிந்துவிடும். 16,384 மாற்றங்கள் இருந்தாலும் 14 சோதனையில் குற்றவாளி கையில் சிக்கும். 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கிட் என்னும் மென்பொருள் தரும் வசதி இது.

அப்படிச் சிக்கியது ஒரு திருத்தம். எழுதியவர் ஐ.பி.எம்.மில் பணிபுரியும் ஓஜஸ்வின் முஜு என்ற நம் நாட்டுப் பொறியாளர். வேடிக்கை என்னவென்றால், அந்தத் திருத்தத்தில் தப்பே இல்லை!

லினக்ஸில் பெரும்பாலும் பயன்படும் எக்ஸ்ட்-4 கோப்பு முறை, 2008 டிசம்பரில் வந்த 2.6.28 கெர்னலில் நிலைபெற்றது. அது வட்டை 128 எம்.பி. கொண்ட அறைகளாகப் பிரித்துக்கொள்ளும். 32 ஜி.பி. கார்டில் சுமார் 240 அறைகள். புதுக் கோப்புக்கு இடம் வேண்டுமென்றால் பக்கத்து அறையிலிருந்து வரிசையாகத் தேடிப் போகும். மிகப் பெரிய வட்டுகளில் இந்தத் தேடலுக்கே நேரம் போயிற்று. எனவே 2021-ல் வந்த 5.13 கெர்னலில், காலி இடமுள்ள அறையைப் பட்டியல் வைத்துச் சட்டென்று பிடிக்கும் புதிய வழி ஒன்றைச் சேர்த்தார்கள். ஆனால் ஒரு நிபந்தனை தவறியதால், சாதாரணமாக நாம் எழுதும் கோப்புகளுக்கு அது வேலையே செய்யவில்லை. யானை தூங்கிக்கொண்டிருந்தது. 2022-ல் 5.18 கெர்னலுக்காக முஜு அந்த நிபந்தனையைச் சரிசெய்தார். யானை எழுந்தது.

எழுந்தபின்தான் அதன் நடை தெரிந்தது. ஓர் அறையில் இடம் எடுத்ததும் அந்த அறை பட்டியலின் கடைசிக்குப் போய்விடும். அடுத்த கோப்பு வேறு அறைக்கு, அதற்கடுத்தது இன்னொன்றுக்கு. ஒரே லாரி மூட்டைகளைப் பெண்ணாடத்தில் ஒன்று, திட்டக்குடியில் ஒன்று, தொழுதூரில் ஒன்று என்று இறக்கிக்கொண்டே போனால் எப்படி இருக்கும்? மலிவான மெமரி கார்டு பெரிய பெரிய துண்டுகளாகத்தான் அழித்து எழுதும். ஒரே சமயத்தில் சில துண்டுகளைத்தான் அதனால் திறந்து வைத்துக்கொள்ள முடியும். இப்படிச் சிதறி எழுதினால் அது திணறிப்போகும்.

சூஸே நிறுவனத்தின் யான் காரா 2022 செப்டம்பரில் திருத்தங்களை எழுதினார். முதலில் பக்கத்து அறையைப் பார். காலி இடத்தின் அளவு வகை மாறினாலொழிய அறையைப் பட்டியலில் நகர்த்தாதே. சிறு கோப்புகளை ஒன்றாக அடுக்கு. சாரம் இவ்வளவுதான். அக்டோபரில் வெளிவந்த 6.0 கெர்னலில் இவை சேர்ந்தன. திருத்தங்களைச் சோதித்துச் சான்று சொன்னவர்களில் வாரெனும் உண்டு, முஜுவும் உண்டு. தன் திருத்தத்தின் பேரில் புகார் வந்ததும் அவர் ஒதுங்கிக்கொள்ளவில்லை. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

இதைப் படித்த அன்று என் கொட்டகைக் கணினியில் பழைய கெர்னலைத் திரும்பப் போட்டேன். "டூப்ளிகேட்" கார்டு குதிரையாக ஓடியது. வெட்கமாக இருந்தது. முன்பு எத்தனை நொடி ஆனது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்தால்கூட, ஒரு நல்ல மனுஷனைக் கடையில் நாலு பேர் முன்னால் திட்டியிருக்க மாட்டேன்.

தம்பி தங்கைகளே, லேபில் அப்சர்வேஷன் நோட்டு இல்லாமல் உள்ளே விடமாட்டேன் என்று நம் ஆசிரியர்கள் நிற்பார்களே, நினைவிருக்கிறதா? ரீடிங் எடுக்காமல் பக்கத்து பெஞ்சில் காப்பியடித்தவன் நான். அதன் விலை பத்து வருஷம் கழித்துத் தெரிந்தது. எதையும் மாற்றுமுன் பழைய அளவைக் குறித்து வையுங்கள். குறை சொல்லுமுன் அளந்து பாருங்கள்.

அடுத்த முறை சிதம்பரம் போனபோது இரண்டாவது கார்டுக்கான பணத்தை நீட்டி, தப்பு என்னுடையதுதான் என்று சொன்னேன். கடைக்காரர் சிரித்தார். "அன்னைக்கே தெரியும் சார். கோபத்துல வந்தவர்கிட்ட என்னத்தப் பேச?" என்றார்.