பக்கவாத்தியம் எழுந்து நின்ற கதை

ஒரு மழை நாள் சாயங்காலம் ஹட்டனில் நண்பன் வீட்டில் ஒதுங்கியிருந்தபோதுதான் 'சக்தி' குழுவின் 1976ஆம் ஆண்டு அல்பம் ஒன்றை நாங்கள் முழுசாகக் கேட்டோம். கிட்டார், வயலின், தபேலா, கடம். "இது கச்சேரியா, ஜாஸா?" என்று கேட்டான் ஒருத்தன். ரெண்டும்தான். ஆனால் எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொரு சங்கதி. அந்த வயலின்காரர் சின்ன வயசில் வளர்ந்தது நம்ம யாழ்ப்பாணத்தில்!

அவர் பெயர் எல். சங்கர். 1950இல் மதராஸில் பிறந்தவர். அப்பா வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்து வந்தார். கர்நாடக மேடையில் வயலின் ஒரு பக்கவாத்தியம். பாடுகிறவர் போகிற வழியில் பின்னாலேயே போகவேண்டும். லட்சுமிநாராயணாவுக்கு அது போதவில்லை. வயலின் தனியாகவும் நிற்கும் என்று நம்பி, பிள்ளைகளையும் அப்படியே பழக்கினார். வைத்தியநாதன், சுப்பிரமணியம், சங்கர் என மூவரும் வயலின்காரர்கள் ஆனார்கள். 1958 இனக்கலவரத்துக்குப் பிறகு குடும்பம் மதராஸுக்குப் போய்விட்டது.

1969இல் சங்கர் அமெரிக்கா போனார். வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் படித்துக் கலாநிதிப் பட்டம் வாங்கினார். அங்கே இருந்த காலத்தில்தான் ஓர்னெட் கோல்மன், ஜிம்மி கரிசன், ஜோன் மெக்லாக்லின் போன்ற ஜாஸ் கலைஞர்களோடு பழக்கம் ஏற்பட்டது. 1975இல் மெக்லாக்லின், சாகிர் ஹுசைன், கடம் விநாயக்ராம் ஆகியோரோடு 'சக்தி' மேடையேறியது. 1977க்குள் மூன்று அல்பங்கள். பிறகு குழு கலைந்தாலும் சங்கர் நிற்கவில்லை. 1980இல் இரட்டைக் கழுத்தும் பத்துத் தந்திகளும் உள்ள வயலின் ஒன்றை வடிவமைத்தார். டபுள் பேஸின் அடித்தொனியிலிருந்து வயலினின் உச்சி வரைக்கும் ஒரே ஆள் வாசிக்கலாம்.

சக்தியில் எங்களுக்கு ரொம்பப் பிடித்தது கடம். கச்சேரியில் அது உபபக்கவாத்தியம். மிருதங்கத்துக்குப் பிறகுதான் அதன் முறை. சக்தியிலோ, முதல் அல்பத்துக்குப் பிறகு தனி மிருதங்கக் கலைஞர் இல்லை. அந்த மண்பானை தபேலாவோடு நேருக்கு நேர் பேசுகிறது. யார் எந்த வரிசை என்று அங்கே யாரும் பார்க்கவில்லை.

இதைக் கேட்டு முடித்ததும் எங்களுக்கு ஞாபகம் வந்தது தப்பு.

ஜாஸின் வேரும் தோட்டத்தில்தான் இருக்கிறது. கரும்புக்கும் பருத்திக்கும் அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட ஆபிரிக்க மக்களின் வழிவந்தவர்கள் நியூ ஓர்லியன்ஸில் உருவாக்கிய இசை அது. அவர்களுடைய மேளத்தைக் கண்டு வெள்ளை முதலாளிகள் பயந்தார்கள். 1739இல் தென் கரோலினாவில் நடந்த கிளர்ச்சிக்குப் பிறகு, அடுத்த வருடமே சட்டம் போட்டு மேளத்தைத் தடுத்தார்கள். இங்கே துரைமார் வேறு மாதிரி செய்தார்கள். தப்பைத் தடுக்கவில்லை, வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். விடியுமுன் லயத்தை எழுப்பிப் பிரட்டுக்கு வரவைத்தது அந்தச் சத்தம்தான். அங்கே தடை, இங்கே அலாரம். மக்களின் இசையை அடக்குவதற்கு ரெண்டும் ரெண்டு வழி.

ஆனாலும் தப்பு அதோடு நின்றுவிடவில்லை. மாசியில் காமன் கூத்துக்கும், சாமி புறப்பாட்டுக்கும், சாவுக்கும் தனித்தனி அடி இருக்கிறது. கை தெரிந்தவர்கள் தூரத்திலிருந்தே என்ன நடக்குது என்று சொல்லிவிடுவார்கள்.

அப்படியென்றால், கடத்துக்குக் கிடைத்த இடம் தப்புக்கு ஏன் கிடைக்கவில்லை? திறமை போதாதா? இல்லை. சங்கருக்கு வீட்டிலேயே குரு இருந்தார், பிறகு பல்கலைக்கழகம் இருந்தது. தப்படித்தவருக்குக் கிடைத்தது சாதிப் பெயர்தான். சாவு வீட்டில் அடிக்கக் கூப்பிடுவோம், ஆனால் வாசலுக்கு வெளியே நிற்க வைப்போம். பாடசாலை விழா என்றால் வயலினும் ஓர்கனும் மேடையில் இருக்கும், தப்பு இருக்காது. இதில் துரைமாரை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது. வரிசை போட்டது நாமும்தான்.

எங்கள் தோட்டத்தில் தப்படிக்கும் தாத்தா ஒருவரிடம் போனோம். "பேரனுக்கு ஏன் தாத்தா பழக்கல?" என்று கேட்டோம்.

"நான் பட்டது போதும்யா" என்றார். அவ்வளவுதான்.

அந்தப் பதிலுக்கு எதிராகப் பேச எங்களிடம் ஒன்றுமில்லை. பேரன் படிக்கட்டும், எங்கே வேண்டுமானாலும் போகட்டும். ஆனால் அந்த அடிகள் அவரோடு போய்விடக் கூடாது. "ஃபோனில் பதிந்து வைக்கட்டுமா?" என்று கேட்டோம். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு நெருப்பு மூட்டித் தப்பைக் காய்ச்சினார். காமன் கூத்து அடி, சாமி அடி, கடைசியாகப் பல வருடமாக அவர் கை தொடாத பிரட்டு அடி. இருபது நிமிடம்.

முடித்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "இத யாருய்யா கேக்கப் போறா?"

இப்போதைக்கு நாங்கள் அஞ்சு பேர், தாத்தா. இதைப் படிக்கிறவர்கள் அவங்கவங்க தோட்டத்தில் ஒருத்தரைத் தேடிப் போனால் கூடும்.