காயும் நேரம்

அம்பத்தூரில் ஒரு சந்துக்குள் இருக்கும் பவுடர் கோட்டிங் பட்டறைக்கு அப்பாவோடு போயிருந்தேன். அவருடைய பழைய புல்லட்டின் சேசிஸைக் கழற்றிப் போன வாரமே அங்கே கொடுத்திருந்தோம். உள்ளே நுழைந்ததும் அப்பா நின்று, மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்.

"என்னடா, வாசனையே வரல?"

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் 24 வருஷம் ஸ்ப்ரே பெயின்டராக இருந்தவர். பெயின்ட் அடிக்கிற இடமென்றால் அவருக்குத் தின்னர் வாசனை. அவர் சட்டையில், டிபன் பாக்ஸில், ராத்திரி தலைமாட்டுத் துண்டில் எல்லாம் அந்த வாசனை இருந்த வீட்டில்தான் நான் வளர்ந்தேன். இப்போது மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறார். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "சிகரெட் உண்டா?" அப்பா சிகரெட்டைத் தொட்டதே இல்லை.

அந்த வாசனை எங்கிருந்து வந்தது, எப்படிப் போனது, யாருக்காகப் போனது? வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தேன்.

இரும்புக்குக் கறுப்புப் பூசும் கதையை இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸிலிருந்து தொடங்கலாம். ஜப்பானியர்கள் உருஷி மரத்தின் பாலை எடுத்து மரப்பெட்டிகளுக்குப் பளபளப்பு ஏற்றினார்கள். ஐரோப்பாவில் அந்த மரம் கிடையாது. அதனால் நிலக்கீலையும் ஆளிவிதை எண்ணெயையும் கலந்து தகரத்தில் பூசி, அடுப்பில் மணிக்கணக்காகச் சுட்டு, அதே பளபளப்பைப் போலி செய்தார்கள். இதற்கு 'ஜப்பானிங்' என்றே பெயர். 18ஆம் நூற்றாண்டில் வேல்ஸின் பான்டிபூல், மிட்லண்ட்ஸின் பில்ஸ்டன், வுல்வர்ஹாம்ப்டன் ஆகிய ஊர்கள் இந்தத் தொழிலில் பெயர் வாங்கின. தட்டு, பெட்டி என்று ஆரம்பித்த கறுப்பு, பிறகு தையல் மெஷினுக்கும் சைக்கிளுக்கும் வந்தது. பர்மிங்காமுக்குத் தெற்கே ஊசி செய்து பிழைத்த ரெட்டிச் என்ற ஊரில் சைக்கிள் செய்தார்கள். 1901இல் மோட்டார் சைக்கிளும் செய்தார்கள். அதுதான் ராயல் என்ஃபீல்டு. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவாகி, புல்லட் திருவொற்றியூருக்கு வந்தது. நம்ம ஊர் ரோட்டில் ஓடும் கறுப்பு புல்லட்டுக்குப் பின்னால், ஜப்பானைப் போலி செய்த இங்கிலாந்துக்காரன் ஒருவன் நிற்கிறான்.

சுட்ட கறுப்பு உறுதியானது. ஆனால் நேரம் தின்றது. காரின் ஆரம்ப காலத்தில் ஒரு பாடிக்குப் பல கோட் பூசி, தேய்த்து, காயவிட்டு முடிக்க வாரக்கணக்காகும். இன்ஜினையும் சக்கரத்தையும் வேகமாகச் செய்ய முடிந்தது. பெயின்ட் மட்டும் காயவில்லை. என் வேலையில் இதை பாட்டில்நெக் என்போம். எல்லாம் வேகமாக ஓடும், ஒரே இடத்தில் மொத்தமும் முட்டிக்கொண்டு நிற்கும். 1914 முதல் 1925 வரை ஃபோர்டின் மாடல் டி கறுப்பில் மட்டுமே வந்தது.

இந்த முட்டலை உடைத்தது ஒரு வெடிமருந்துக் கம்பெனி. துப்பாக்கி மருந்துக்குப் பயன்படும் நைட்ரோசெல்லுலோஸை வைத்து டுபான்ட் ஒரு லேக்கர் செய்தது. பெயர் டூக்கோ. 1923இல் ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் கார்கள் அந்த நீல நிறத்தோடு வெளிவந்தன. வாரங்கள் மணிகளாகச் சுருங்கின. நம்ம ஊர் பட்டறைகளில் இன்றும் லேக்கர் பெயின்டை 'டூக்கோ' என்றுதான் சொல்கிறார்கள். அப்பாவும் அப்படித்தான் சொல்வார். அது ஒரு கம்பெனியின் பிராண்ட் பெயர் என்று நான் சொன்னபோது நம்பவில்லை.

டூக்கோ சீக்கிரம் காய்வதற்குக் காரணம் அதிலிருக்கும் கரைப்பான். அது பறந்து போனால் பெயின்ட் காய்ந்தது என்று அர்த்தம். ஆனால் இவ்வளவு சீக்கிரம் காய்வதைப் பிரஷ்ஷால் பூச முடியாது. இழுக்கும்போதே கோடு விழும். ஆகவே ஸ்ப்ரே கன் கட்டாயமானது. கன்னில் ஊற்றுவதில் பாதிக்கும் மேல் கரைப்பான். அது எங்கே பறந்து போகும்? கன்னைப் பிடித்து நிற்பவரின் முகத்தைத் தாண்டித்தான். கம்பெனிக்கு மிச்சமான அந்த மணிகளுக்கான விலை ஒரு மனிதனின் மூச்சுக்குழாயில் கணக்கெழுதப்பட்டது.

திரவமே இல்லாமல் பூச முடியுமா என்ற யோசனை 1950களில் பலித்தது. ஜெர்மனியில் எர்வின் ஜெம்மர் 1953இல் ஒரு முறைக்குக் காப்புரிமை கேட்டார். ஒரு தொட்டியில் பிளாஸ்டிக் தூளைக் கொட்டி, அடியிலிருந்து காற்றை ஊதினால், தூள் தண்ணீர் மாதிரி அலையும். சூடாக்கிய இரும்பை அதில் முக்கி எடுத்தால் தூள் உருகி ஒட்டிக்கொள்ளும். பூச்சு தடிமனாக வந்ததால் பைப்புக்கும் கம்பிக்கும் சரி, வண்டிக்குச் சரிவராது. 1960களில் மின்சாரத்தைச் சேர்த்தார்கள். தூளுக்குப் பல்லாயிரம் வோல்ட்டில் மின்னூட்டம் கொடுத்து ஊதினால், எர்த் செய்த இரும்பைத் தேடிப் போய் அதுவே உட்காரும். பிறகு சுமார் 200 டிகிரி அடுப்பில் ஒரு கால்மணி நேரம். பறந்து போவதற்கு எதுவும் இல்லாததால் வாசனையும் இல்லை.

தொழில்நுட்பம் கைக்கு வந்த பிறகும் தொழிற்சாலைகள் பெயின்டைத் தானாக விட்டுவிடவில்லை. தள்ளியது லாஸ் ஏஞ்சலஸின் புகை. 1943இலிருந்து அந்த நகரத்தின் மேல் கண்ணெரியும் மூட்டம் படிய ஆரம்பித்தது. எண்ணெய், பெட்ரோல் ஆவிகள் வெயிலில் வேதிமாற்றம் அடைவதால் வருவது அது என்று கால்டெக்கின் ஹாகன்-ஸ்மித் 1950களின் தொடக்கத்தில் காட்டினார். பெயின்ட் கரைப்பானும் அதே கணக்கில் சேர்ந்தது. 1966இல் அந்த மாவட்டம் 'ரூல் 66' என்ற விதியைக் கொண்டுவந்து கரைப்பான்களுக்குக் கட்டுப்பாடு போட்டது. 1970இல் அமெரிக்கா முழுமைக்கும் தூய காற்றுச் சட்டம். திரவப் பெயின்டுக்குச் செலவு ஏற, பவுடருக்கு மவுசு ஏறியது.

இங்கே கொஞ்சம் நிதானித்தேன். விதி நகரத்தின் காற்றுக்காக வந்தது. பெயின்ட் பூத்துக்குள் நின்றவன் அதே காற்றைப் பல மடங்கு கெட்டியாக நாற்பது வருஷமாகச் சுவாசித்துக்கொண்டிருந்தான். புகை கூரைக்கு மேலே போய் எல்லோருடைய கண்ணும் எரிந்த பிறகுதான் பெரிய மாற்றம் வந்தது. அவனுக்குக் கிடைத்த நிம்மதி ஒரு உபரி. பவுடரும் சுத்தமான சாமியார் இல்லை. பாலியஸ்டர் பவுடரைக் கெட்டிப்படுத்த டிஜிஐசி என்ற பொருளைச் சேர்த்தார்கள். அது மரபணுவைப் பாதிக்கக்கூடியது என்று 1990களின் கடைசியில் ஐரோப்பா வகைப்படுத்தியது. அங்கே மாற்றுப் பொருளுக்குப் போனார்கள்.

மறுபடி பட்டறை. சேசிஸ் கொக்கியில் தொங்கியது. நம்பர் இருக்கும் இடத்தில் சூடு தாங்கும் டேப் ஒட்டச் சொல்லியிருந்தோம். பூச்சு மொத்தமாக ஏறினால் எழுத்து மூடிப்போய் ஆர்டிஓவில் மாட்டிக்கொள்வோம். அப்பா டார்ச் அடித்து, குழாய்கள் சேரும் இடுக்குகளைப் பார்த்தார்.

"தம்பி, உள்மூலைல பவுடர் ஏறல பாரு."

அது ஃபாரடே 1836இல் காட்டிய விஷயம். உலோகத்தால் சூழ்ந்த குழிக்குள் மின்புலம் நுழையாது; தூள் விளிம்பிலேயே உட்கார்ந்துவிடும். துரு அங்கேதான் தொடங்கும். அப்பாவுக்கு ஃபாரடேயைத் தெரியாது, இடுக்கைத் தெரியும். கன் பிடித்திருந்த பையன் வோல்ட்டைக் குறைத்து மறுபடி ஊதினான்.

பின்பக்கம் ஏதோ சீறும் சத்தம். அப்பா போனார், நானும் போனேன். தகரக் கொட்டகையில் இன்னொரு பையன் ஒரு ஸ்விங் ஆர்ம் மேல் மணலை அடித்துப் பழைய பெயின்டை உரித்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஈரத் துண்டு, அவ்வளவுதான். மணல் பிளாஸ்டிங்குக்கு 1870இல் பிலடெல்பியாவின் பெஞ்சமின் டில்மன் காப்புரிமை வாங்கினார். உடையும் மணல் சிலிக்காத் தூளாகி நுரையீரலில் தங்கும். பிரிட்டன் 1949இலேயே விதி போட்டு இந்த வேலையில் மணலைத் தடுத்தது. இதையெல்லாம் நான் பிறகுதான் படித்தேன். அப்பா எதுவும் படிக்கவில்லை.

"மாஸ்க் எங்கப்பா?"

"சூடா இருக்கும் சார், மூச்சு முட்டும்."

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு," என்றார் அப்பா.

ஓனரிடம் கேட்டேன். மூடிய கேபினில் ஸ்டீல் ஷாட் வைத்து அடிக்கும் இடம் இருக்கிறதாம். ரேட் கூட. "கஸ்டமர் எல்லாம் கம்மி ரேட்டுதான சார் கேக்கறாங்க." நாலு பட்டறையில் விலை விசாரித்து, கம்மியாகச் சொன்ன இந்தப் பட்டறையைத் தேர்ந்தெடுத்தவன் நான்தான். எங்கள் சேசிஸைப் போன வாரம் உரித்ததும் அதே கொட்டகையில், அதே பையன்தான்.

சாயங்காலம் சேசிஸ் அடுப்பிலிருந்து வந்தது. ஆறியதும் அப்பா இடுக்கில் விரலை விட்டுத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். வீட்டில் டேங்க் பாக்கி இருக்கிறது. அதையும் பவுடரே பண்ணலாம் என்றார். அதற்கும் பழைய பெயின்டை உரிக்க வேண்டும். இந்தத் தடவை ஸ்டீல் ஷாட் இடத்தின் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன்.