குழலின் நீளமும் குண்டின் வேகமும்

குழல் நீண்டால் குண்டு தொலைவிற் செல்லும் என்பது பண்டை வெடிப்படையாளரின் நம்பிக்கை. 1544 ஆம் ஆண்டு உத்திரெக்ற் நகரில் வார்க்கப்பட்டு, இங்கிலாந்தின் டோவர்க் கோட்டையில் இன்றும் காணப்படும் பீரங்கி 24 அடி நீளமுடையது. அது கடல் கடந்து பிரான்சின் கரையிலே குண்டை வீழ்த்தும் எனப் பாமரர் பேசினர். ஆயின், நீளம் கூடுதலால் வேகம் எத்துணை கூடும் என்பதை அளந்து கூறுதற்குத் தக்க கருவி அக்காலத்தில் இருந்திலது.

அக்குறையைத் தீர்த்தவர் பெஞ்சமின் றொபின்ஸ் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர். 1742 இல் வெளிவந்த தமது நூலில் அவர் ஓர் ஊசலை விளக்கினார். குண்டு அவ்வூசலின் மரமுகத்திற் பாய்ந்து தங்க, ஊசல் பின்னே செல்லும். சென்ற தூரத்தை அதனோடு பிணைத்த நாடா காட்டும். அதிலிருந்து நியூற்றனின் விதிகளால் வேகம் கணிக்கப்படும். 45 அங்குலக் குழலினின்று புறப்பட்ட குண்டு செக்கனுக்கு ஏறக்குறைய 1,700 அடி வேகமுடையது என்று கண்டார். ஒலியினும் விரைந்து செல்லும் பொருளை ஒரு மரத்துண்டும் நாடாவும் அளந்தன என்பது வியப்பன்றோ!

காரணத்தையும் றொபின்ஸ் ஆராய்ந்தார். எரிந்த மருந்து வாயுவாகிக் குண்டைத் தள்ளுகின்றது. குண்டு முன்னேற முன்னேற வாயுவுக்கு இடம் பெருகுகின்றது. பொயிலின் விதிப்படி அமுக்கம் குறைகின்றது. ஆகவே தொடக்கத்தில் ஓர் அங்குலம் தரும் வேகத்தை முடிவில் ஓர் அங்குலம் தருவதில்லை. மருந்து முழுவதும் கணத்தில் வாயுவாகும் என அவர் கொண்டது பிழையே. ஆயினும் முடிபு நிலைத்தது. குழல் மிக நீண்டுவிடின், உராய்வு வாயுவின் தள்ளலை விஞ்ச, வேகம் குறையவுங் கூடும்.

கிழக்கிந்தியக் கும்பனியின் கோட்டைகளைச் செப்பனிட வந்த றொபின்ஸ், 1751 யூலையிற் கடலூரையடுத்த புனித டேவிட் கோட்டையிலே காலமானார். அவரது ஊசலை மேலும் பெரிதாக்கியவர், சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து வூல்விச் படைக்கழகப் பேராசிரியராக உயர்ந்த சார்ல்ஸ் ஹட்டன். ஒரே துளையும் வெவ்வேறு நீளமும் உடைய பீரங்கிகளை 1783 முதல் அவர் சோதித்தார். வேகம் நீளத்தின் வர்க்கமூலத்திலும் குறைவாகவும் கனமூலத்திலும் கூடுதலாகவும் வளர்கின்றது என்பது அவர் கண்ட முடிபு. நீளத்தை இரட்டித்தால் வேகம் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே கூடும் என்க. அதற்காகச் சுமக்க வேண்டிய இரும்போ இருமடங்கு!

இக்கணக்கு படைவீரனின் தோளையும் தொட்டது. பிரித்தானியப் படையின் லீ-என்பீல்ட் துப்பாக்கியின் 30.2 அங்குலக் குழல், 1903 அளவில் 25.2 அங்குலமாகக் குறுக்கப்பட்டது. காலாட்படைக்கும் குதிரைப்படைக்கும் ஒரே துப்பாக்கி என்பது அதன் நோக்கம். இலக்குச் சுடுதலில் வல்லார் பலர் அதனைக் கண்டித்தனர். இழந்த வேகம் சிறிதே எனப் படைத்துறையினர் அமைந்தனர். 1914 இல் பிரான்சின் போர்க்களத்துக்குச் சென்றது அக்குறுங்குழலே.